மண்ணின் எச்சரிக்கை

நிலம் சரிவதைத் தலைவிதியென்று நம்மவர் நெடுங்காலம் நம்பி வந்தனர். சரித்திரமோ வேறு கூறுகின்றது.

2004 ஏப்ரல் 20இல், நமது தேக்காவுக்கு அதிக தூரமில்லாத நிக்கோல் நெடுஞ்சாலையருகே, சுரங்க ரயிலுக்குத் தோண்டிய பள்ளம் இடிந்து நால்வர் மாண்டனர். மண்ணின் நகர்வு வரம்பு மீறியதைக் கருவிகள் முன்னரே காட்டியிருந்தும் வேலை நிறுத்தப்படவில்லை.

தமிழ்த் தோட்டத் தொழிலாளர் மிகுந்த மூணாறில், அமிர்தா பல்கலைக்கழகத்தார் அந்தோணியார் காலனிச் சரிவில் உணர்கருவிகளைப் புதைத்தனர். 2009 மழைக்காலத்தில், மண்ணுக்குள் நீரழுத்தம் ஏறுவதை அவை கம்பியின்றி அறிவித்தன. மக்களுக்கு எச்சரிக்கை விடுக்கப்பட்டது. 2020 ஆகஸ்ட் 6 இரவு, அதே மூணாற்று மலையில் அக்காவலில்லாத பெட்டிமுடியில் லயங்கள் புதையுண்டு 70 பேர் மடிந்தனர்.

இது விதியன்று. ஏழையின் லயத்துக்கும் கருவி வேண்டும். அது பேசும்பொழுது கேட்கும் செவியும் வேண்டும். இரண்டையும் நாம் உரிமையெனக் கோருவோமாக!