கொட்டாஞ்சேனை மண்ணில் ஒல்லாந்தர் துட்டு

அப்பப்பா பிஸ்கட் டின்னில் விட்டுப்போன காசுகளில் முக்கால்வாசி ஒல்லாந்தர் துட்டுகள். 1930களில் கொட்டாஞ்சேனை வளவில் வாழைக்கும் முருங்கைக்கும் மடு வெட்டியபோது கிளம்பியவை. ஒவ்வொன்றையும் கடதாசியில் சுற்றி, "கிணற்றடி, இரண்டடி ஆழம்" என்று பென்சிலால் எழுதியிருக்கிறார். அந்தப் பென்சில் எழுத்துக்கு நான் எத்தனை முறை நன்றி சொல்லியிருப்பேன்!

துட்டின் ஒரு பக்கம் ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பனியின் பின்னல் முத்திரை, அதன்கீழ் ஆண்டு. மறுபக்கம் அதை அடித்த ஒல்லாந்தரின் தாய்நாட்டு மாகாணத்தின் சின்னம்: அலையிலிருந்து சிங்கம் எழுந்தால் அது சீலாந்துக் காசு. 1726 முதல் கீழைத்தேசத்துக்கென்றே இதை அடித்துக் கப்பலேற்றினார்கள்.

1656இல் போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைப் பிடித்த ஒல்லாந்தர், 1749இல் கோட்டைக்கு வெளியே மேட்டில் வுல்பெண்டால் தேவாலயத்தைக் கட்டத் தொடங்கி 1757இல் திறந்தார்கள். அங்கே கல் சுமந்தவர்கள், பக்கத்தில் மீன் விற்றவர்கள் மடியில் இருந்தது இந்தச் செம்புதான் என்று நம்புகிறேன். நாலு துட்டு ஒரு ஸ்டைவர். 48 ஸ்டைவர் ஒரு இறைசால். இறைசாலைப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருப்பார்கள். வழியில் நழுவி விழுந்தது துட்டு.

டின்னில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று: தடித்து, ஓரம் கோணிய ஒரு செப்புக்காசு. 1780 முதல் 1784 வரை இங்கிலாந்தோடு நடந்த போரில் ஒல்லாந்தரின் கப்பல் போக்குவரத்து முடங்கியது. தாய்நாட்டுக் காசு வராமற்போகவே ஸ்டைவரை இங்கேயே அடித்தார்கள். கொழும்புக்கு 'சி', காலிக்கு 'ஜி', திருகோணமலைக்கு 'டி' என்று எழுத்துப் பொறித்தார்கள். அவசரத்தில் அடித்தது என்பது கையில் எடுத்ததுமே தெரியும். கருவூலத்துத் தங்கத்தைவிட இந்த முரட்டுச் செம்பு அந்த நாட்களின் நெருக்கடியை நேராகச் சொல்கிறது.

1796இல் வந்த ஆங்கிலேயர் 1801 தொடக்கம் யானைக் காசு அடித்தார்கள். கணக்கு மட்டும் மாறவில்லை. செப்புக் காசில் 48 என்றிருந்தால், இறைசாலில் 48இல் ஒரு பங்கு. இடையில் பவுண், சில்லிங் புழங்கி, 1872இல்தான் ரூபாயும் சதமும் வந்தன.

இப்போது கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் பழைய வீடுகளை இடித்து மாடிக் கட்டடத்துக்கு அத்திவாரம் தோண்டுகிறார்கள். மண் ஏற்றிய லொறி போகும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதைக்கிறது. காசு ஏதும் தட்டுப்பட்டால் தயவுசெய்து புளி போட்டுத் துலக்காதீர்கள். களிம்போடு ஆண்டும் போய்விடும். எந்த மூலை, எத்தனை அடி ஆழம், பக்கத்தில் ஓட்டுத்துண்டு கிடந்ததா என்று உடனே எழுதி வையுங்கள். 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முந்தியதெல்லாம் 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டத்துக்குள் வரும். அதைத் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவிக்கும்போது அந்தக் குறிப்பையும் சேர்த்தே கொடுங்கள்.