பெருவிரலா, மணிக்கட்டா? நாண் விடுதலின் வரலாறு

என் தமக்கை மகன் நெய்வேலி நகரியத்தில் பிறந்து வளர்ந்தவன். இப்போது அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பணிபுரிகிறான். அங்கே ஆண்டுதோறும் அக்டோபர் முதல் நாளில் வில்லேந்தி மான் வேட்டையாடும் பருவம் தொடங்குகிறது. உரிமம் பெற்று, அரசு வகுத்த வரம்புக்குள் வேட்டையாடி, குடும்பத்திற்கு ஹலாலான இறைச்சி சேர்த்துக்கொள்ளும் முஸ்லிம்களுள் அவனும் ஒருவன். சென்ற பருவத்தில் அவன் எய்த அம்பு மானின் நெஞ்சில் தைக்காமல் வயிற்றில் தைத்தது. இரவெல்லாம் விளக்கேந்தி இரத்தத் தடம் தேடினான். மறுநாள் காலையில்தான் சதுப்பு நீரில் மூழ்கிக் கிடந்த மானைக் கண்டான். அதை அவன் உண்ணவில்லை.

"மாமா, விரல் பதறி விசையைத் தட்டிவிட்டது. பெருவிரல் ரிலீஸுக்கு மாறிவிடவா, மணிக்கட்டு ரிலீஸிலேயே நின்றுகொள்ளவா?" என்று தொலைபேசியில் கேட்டான். வில் வரலாறு படிப்பவன் என்பதற்காக என்னிடம் கேட்டானே தவிர, நான் வேட்டைக்காரன் அல்லன். ஆயினும் அவன் கேட்ட கேள்வி புதியது அன்று. நம் முன்னோர்களுள் வில் நூல் எழுதியோர் பக்கம் பக்கமாக விவாதித்த ஒன்று அது.

அறியாதவர்க்காக ஒரு விளக்கம். இன்றைய கூட்டு வில்லின் நாணை வெறும் விரலால் இழுப்பவர் குறைவு. நாணில் கட்டிய சிறு கயிற்று வளையத்தை ஒரு கொக்கி பற்றிக்கொள்ளும். விசையை அழுத்தினால் கொக்கி திறந்து நாண் பாயும். இந்தக் கருவியைத்தான் ரிலீஸ் என்கிறார்கள். மணிக்கட்டில் வாராகக் கட்டிக்கொண்டு சுட்டுவிரலால் விசையைத் தொடுவது ஒரு வகை. உள்ளங்கைக்குள் விரல்களால் பற்றிக்கொண்டு பெருவிரலால் விசையைத் தொடுவது மற்றொரு வகை.

இளமையில் நாங்கள் அறிந்தது இவ்விரண்டும் அல்ல. நெய்வேலியில் முதல் சுரங்கம் தோண்டப்பட்ட காலத்தில் வேலைக்கு வந்தவர் என் தந்தை. நிறுவனம் 1956இல் உருவானது. ஊரும் அதனோடு பிறந்தது. நகரியத்து வீடுகளுக்கு அப்பால் முந்திரிக் காடு. மூங்கில் பிளாச்சை வளைத்துச் சணல் கட்டினால் வில். துடைப்பக் குச்சி அம்பு. குச்சியின் அடியைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே கிள்ளிப் பிடித்து இழுப்போம். உலகெங்கும் பிள்ளைகள் கற்பிப்பாரின்றிக் கற்கும் இழுவை இதுவே. வலுவற்ற வில்லுக்கு இது போதும். வில் சற்றே விறைத்துவிட்டால் கிள்ளிய பிடி வழுக்கிவிடும்.

ஒருநாள் வேலியில் ஓணானைக் கட்டி வைத்து எய்து பழகினோம். இரவுப் பணி முடித்து வந்த தந்தை அதைப் பார்த்தார். அடிக்கவில்லை, கட்டை அவிழ்த்துவிட்டு, இப்னு உமர் (ரலி) அவர்களின் செய்தியைச் சொன்னார். உயிருள்ள பறவையைக் கட்டி வைத்து அம்பெய்துகொண்டிருந்த இளைஞர்களை அவர்கள் கண்டார்கள் என்றும், உயிருள்ளதை இலக்காக்குவோரை நபி (ஸல்) அவர்கள் சபித்தார்கள் என்று கூறினார்கள் என்றும் சொன்னார். அந்த மூங்கில் வில்லை அதன்பின் நான் தொட்டதாக நினைவில்லை.

வலிய வில்லை வளைக்க மனிதன் கண்ட வழிகள் பெரும்பாலும் இரண்டு. சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் ஆகியவற்றை நாணில் கொக்கியாக மாட்டி இழுப்பது ஐரோப்பியர் வழக்கம். ஆங்கிலேயரின் நெடுவில் வீரர்கள் இப்படித்தான் எய்தார்கள். இன்றைய ஒலிம்பிக் வீரர்களும் இப்படித்தான் எய்கிறார்கள். மற்றொன்று பெருவிரலை நாணில் மாட்டி, அதன்மேல் சுட்டுவிரலைப் பூட்டாகப் போட்டு இழுப்பது. மங்கோலியர், துருக்கியர், பாரசீகர், சீனர், கொரியர் என ஆசியாவின் குதிரை வில்லாளிகள் பலரும் இவ்வழியினர். குதிரையின் ஓட்டத்தில் அம்பு வில்லை விட்டு நழுவாதபடி சுட்டுவிரலின் பக்க அழுத்தம் அதைத் தாங்கிக்கொள்ளும். குட்டையான வில்லை ஆழ இழுக்கும்போது நாண் கூர்ங்கோணமாக மடியும். மூன்று விரல்கள் அங்கே நெருக்குண்ணும், ஒற்றைப் பெருவிரலுக்கு அந்த இடுக்கண் இல்லை.

இந்தப் பெருவிரல் பூட்டிற்கு அரபு நூல்கள் இட்ட பெயர் "அறுபத்து மூன்று". பெயரைக் கேட்டுப் புதிராக எண்ண வேண்டாம். அதன் விடை நம் ஒவ்வொருவரின் வலக் கையிலும் இருக்கிறது.

அரபியர் விரல்களை மடக்கி எண்களைக் குறிக்கும் ஒரு கணக்கு முறையைக் கையாண்டனர். அத்தஹிய்யாத் இருப்பில் நபி (ஸல்) அவர்கள் வலக் கையை ஐம்பத்து மூன்று என்ற எண்ணின் அமைப்பில் வைத்துச் சுட்டுவிரலால் சுட்டினார்கள் என்று இப்னு உமர் (ரலி) வழியாக ஸஹீஹ் முஸ்லிமில் செய்தி உண்டு. சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் மூன்றையும் மடக்கினால் மூன்று. பெருவிரலை உள்ளங்கைப் பக்கம் வளைத்தால் ஐம்பது. கலிமா விரல் நீட்டியபடி இருக்கும். ஷாஃபிஈ மத்ஹபினர் நாள்தோறும் கையை இப்படித்தான் வைக்கிறார்கள். ஹனஃபி மத்ஹபினர் நடுவிரலையும் பெருவிரலையும் வளையமாகச் சேர்ப்பதும் ஹதீஸில் வந்த அமைப்பே. இப்போது ஐம்பத்து மூன்றில் இருக்கும் கையில், நீட்டிய கலிமா விரலை மட்டும் வளைந்த பெருவிரலின் மேல் சுற்றிப் படிய வையுங்கள். ஐம்பது அறுபதாகிவிடும். அறுபத்து மூன்று: வில்லாளியின் பூட்டு. நாண் அந்தப் பெருவிரலின் வளைவுக்குள் கிடக்கும். கலிமா விரலைத் தளர்த்தினால் பெருவிரல் தானே திறந்து நாண் பாயும்.

இதை முதன்முதலில் படித்த நாளில், படித்த இடத்திலேயே கையை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மம்லூக்கியர் ஆட்சியில், 14ஆம் நூற்றாண்டில் தைபுகா என்னும் வில்லாசிரியர் மாணவர்க்கென எழுதிய நூல் இந்தப் பூட்டை விரிவாகப் பேசுகிறது. மொராக்கோவில் 1500ஆம் ஆண்டையொட்டி, பெயர் தெரியாத ஒருவர் எழுதிய அரபு நூலும் அவ்வாறே. அது 1945இல் பிரின்ஸ்டனில் ஆங்கிலமாக வெளிவந்தது. பூட்டு வகைகள் பலவற்றை இந்நூல்கள் எண்களால் அடையாளப்படுத்துகின்றன. வலிமைக்கு எது, விரைவுக்கு எது, நகம் எந்தப் பக்கம் சாய வேண்டும், சுட்டுவிரலின் நுனி எங்கே படிய வேண்டும் என்று நுணுகி நுணுகிச் செல்கின்றன. இத்தனை உழைப்புக்கும் காரணம் உண்டு. அல் அன்ஃபால் அத்தியாயத்தின் 60ஆம் வசனத்தில் வரும் வலிமை என்ற சொல்லுக்கு அம்பெய்தலே பொருள் என்று நபி (ஸல்) அவர்கள் மிம்பரில் விளக்கினார்கள் என உக்பா பின் ஆமிர் (ரலி) அறிவிக்கிறார்கள். ஆகவே வில் கற்பதும் கற்பிப்பதும் அந்த ஆசிரியர்களுக்கு வெறும் போர்த்தொழில் மட்டும் அன்று.

வெறும் தோல் நெடுநேரம் நாணைத் தாங்காது. தோலால் ஆன பெருவிரல் உறையை விரும்பியோர் இருந்தனர். கொம்பு, எலும்பு, உலோகம், கல் ஆகியவற்றில் வளையம் செய்துகொண்டோரும் இருந்தனர். பாரசீக மொழியில் அதன் பெயர் ஸிஹ்கீர். ஸிஹ் என்றால் நாண், கீர் என்றால் பற்றுவது. நம் பழந்தமிழிலும் வில்லாளியின் கைக்கும் விரலுக்கும் அணியும் உறைகளுக்குக் கோதை, புட்டில் என்ற சொற்கள் உண்டு. முகலாயர் காலத்தில் ஸிஹ்கீர் ஆபரணமாகவே மாறியது. பச்சை மாக்கல்லில் செதுக்கி, மாணிக்கம் பதித்து அரண்மனையினர் அணிந்தார்கள். ஷாஜஹானின் பட்டப்பெயர் பொறித்த வளையம் ஒன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அந்த வளையம் அணிந்த கைகள் நம் பக்கமும் வந்தன. நெய்வேலிக்கு வடக்கே செஞ்சிக் கோட்டை இருக்கிறது. ஔரங்கசீப்பின் தளபதி ஸுல்ஃபிகார் கான் 1690 முதல் 1698 வரை அதை முற்றுகையிட்டார். துப்பாக்கியும் பீரங்கியும் பெருகிவிட்ட காலம்தான். ஆனாலும் முகலாயக் குதிரைப் படை வில்லைக் கைவிடவில்லை. துப்பாக்கி வீரன் இருமுறை சுடுவதற்குள் குதிரை வில்லாளி ஆறுமுறை எய்துவிடுவான் என்று இந்தியாவில் வாழ்ந்த பிரெஞ்சு மருத்துவர் பெர்னியர் அதற்கு முன்பே எழுதினார்.

இந்நாட்டில் பெருவிரலின் பெருமை அதற்கும் மூத்தது என்பதற்கு ஏகலைவன் கதையே சான்று. குருவுக்குக் காணிக்கையாகக் கேட்கப்பட்டது அவனுடைய வலக் கைப் பெருவிரல். அதன்பின் மற்ற விரல்களால் அவன் எய்தான், பழைய விரைவு இல்லை என்கிறது பாரதம். அவன் எந்தப் பூட்டால் எய்தான் என்று ஆய்வாளர் வாதிடட்டும். எதை எடுத்துவிட்டால் ஒரு வில்லாளி குன்றுவான் என்பதைக் கேட்டவர் நன்கு அறிந்திருந்தார்.

மணிக்கட்டு இந்த வரலாற்றில் மிகப் பிந்தி வந்து சேர்ந்தது. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தைச் சேர்ந்த ஹாலஸ் வில்பர் ஆலன் என்பவர் உருளைகளும் கம்பிகளும் பூட்டிய கூட்டு வில்லுக்கு 1966இல் காப்புரிமை கோரி 1969இல் பெற்றார். முழுதும் இழுத்த நிலையில் இவ்வில்லின் பளு வெகுவாகக் குறைந்துவிடும். ஆகவே வேட்டைக்காரன் இழுத்த நாணோடு காத்திருக்க முடியும். அந்தக் காத்திருப்பில்தான் ஒரு சிக்கல் பெரிதாகிறது. கண் இலக்கைக் கண்டவுடன், கை அமைதியாகும் முன்பே, விரல் விசையைக் குத்திவிடுகிறது.

மணிக்கட்டு ரிலீஸின் நன்மைகள் கண்கூடு. பளுவை முன்கை எலும்பு தாங்குவதால் விரல்கள் ஓய்ந்திருக்கும். வாரால் கட்டியிருப்பதால் மரத்தின் மேலிருந்து கீழே விழாது. குளிரில் கையுறையோடும் பயன்படும். புதியவர் ஒரே நாளில் கற்றுக்கொள்வார். குறை அதன் எளிமையிலேயே இருக்கிறது. சுட்டுவிரல் உடலின் மிகப் பதற்றமான விரல். பேனா பிடிப்பது, விளக்கைப் போடுவது, கைப்பேசியைத் தட்டுவது எல்லாம் அதன் பழக்கம். ஒரு மானைக் கண்டால் அது சும்மா இராது.

பெருவிரல் ரிலீஸைக் கைக்குள் பற்றும்போது முஷ்டியின் பின்புறம் தாடையில் படியும். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் படிவதால் அளவு பிசகாது. பழகியவர் பெருவிரலை விசையின் மேல் அசையாமல் வைத்துவிட்டு, முதுகுத் தசையை மெல்ல இறுக்குவார். கை தானே பின்னே திரும்ப, அந்த அசைவிலேயே விசை திறக்கும். அம்பு எப்போது பறக்கும் என்பது எய்பவருக்கே சற்று வியப்பாக வரும். அந்த வியப்பில் பதற்றத்துக்கு இடமில்லை. குறைகளும் உண்டு. கைக்குள் இருப்பது நழுவிப் புல்லில் விழுந்தால் அன்றைய வேட்டை முடிந்தது. பெருவிரலாலும் குத்த முடியும். கருவி மாறினால் மட்டும் கெட்ட பழக்கம் போய்விடாது.

பழைய ஆசிரியர்கள் கவலைப்பட்ட ஓர் இடர் இரு கருவிகளிலும் அநேகமாக நீங்கிவிட்டது. விரலைச் சுற்றி உருளும்போது நாண் பக்கவாட்டில் விலகும். அதற்கேற்ப, பெருவிரல் பூட்டில் அம்பை வில்லின் வலப்புறமும் மூவிரல் இழுவையில் இடப்புறமும் வைப்பார்கள். கொக்கியிலிருந்து நாண் ஏறக்குறைய நேராகவே பாய்கிறது.

மருமகன் மானை உண்ணாமல் விட்டது சரியே. வேட்டை குறித்து அதீ பின் ஹாதிம் (ரலி) கேட்ட கேள்விகளும் நபி (ஸல்) அவர்கள் அளித்த விடைகளும் புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளன. அல்லாஹ்வின் பெயர் கூறி எய்ய வேண்டும். உயிரோடு கிடைத்தால் அறுக்க வேண்டும். மிஃராள் என்னும் இறகற்ற அம்பு தன் கூரால் குத்தினால் உண்ணலாம், அகலவாட்டில் மோதிக் கொன்றால் கூடாது. நீரில் மூழ்கிக் கிடந்தால் உண்ணலாகாது. கொன்றது அம்பா நீரா என்று தெரியாது அல்லவா? அறுக்கும்போதும் கத்தியைத் தீட்டி உயிரின் வேதனையைக் குறைக்கச் சொன்ன மார்க்கத்தில், அம்பு எய்பவனின் கத்தி அவனுடைய விரல்தான் என்று நான் எண்ணுகிறேன்.

இங்கே நம் பிள்ளைகள் இதை வேட்டையாகச் செய்ய வழியில்லை. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்துவிட்டது. முந்திரிக் காட்டு முயலுக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு. ஆனால் இலக்குப் பலகையின் முன் வழி திறந்தே இருக்கிறது. 2023இல் பெர்லினில் நடந்த உலகப் போட்டியில் 17 வயது அதிதி சுவாமி கூட்டு வில்லில் தனிநபர் தங்கம் வென்றார். பெருவிரலும் மணிக்கட்டும் இல்லாமலே நாண் விடுபவர் ஒருவரும் நம் நாட்டில் இருக்கிறார். ஜம்மு காஷ்மீரின் கிஷ்துவாரைச் சேர்ந்த சீத்தல் தேவி இரு கைகளும் இன்றிப் பிறந்தவர். காலால் வில்லைத் தாங்கி, தோளில் பூட்டிய ரிலீஸால் நாணை இழுத்து, தாடையால் விசையைத் திறக்கிறார். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் ராகேஷ் குமாருடன் இணைந்து வெண்கலம் பெற்றார்.

மருமகனிடம், பெருவிரலுக்கு மாறு, ஆனால் இந்தப் பருவத்தில் மானைத் தேடிப் போகாதே, வைக்கோல் பொதியின் முன் நின்று கண்ணை மூடி எய்து பழகு என்றேன். பருவம் தவறுமே என்று வருந்தினான். பின்பு ஒரு மாலை நிழற்படம் ஒன்று அனுப்பினான். ஐந்து கஜத் தொலைவில் பொதி. அவன் கையில் புதிய கருவி. கீழே ஒரே வரி எழுதியிருந்தான்: "மாமா, இன்று நாற்பது அம்பு, அதில் ஆறு மட்டும் குத்தியவை."