நாடக மேடையில் ஆண்குரல்: மகரக்கட்டும் கட்டைச் சுருதியும்

ஐரோப்பிய ஓபரா, ஆண்குரலை டெனர், பாரிடோன், பாஸ் எனப் பிரிக்கிறது. மேலே ஏறும்போது நெஞ்சுக்குரல் தலைக்குரலாக மாறும் இடம் இப்பிரிவுக்கு ஓர் அடையாளமாகும். தமிழ் நாடக மேடையோ குரலை ஆர்மோனியக் கட்டையால் அளந்தது. பொதுவாக ஆண்களுக்கு ஒன்று முதல் இரண்டு கட்டை. பெண்களுக்கு ஐந்து கட்டையை ஒட்டிய சுருதி.

தூத்துக்குடி அருகே காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922), 1918இல் மதுரையில் சிறுவர்களைக் கொண்டு தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். இத்தகைய பாய்ஸ் கம்பெனிகளில் சிறுவர்களே பெண்வேடமும் ஏற்று உச்சத்தில் பாடினர். பதின்ம வயதில் குரல்நாண்கள் நீண்டு தடிக்கும். குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி இறங்கும். இதற்கு மகரக்கட்டு என்று பெயர். குரல் தேறாத சிறுவனுக்குப் பாட்டுள்ள வேடம் கைநழுவும்.

செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா (1906–1933) வளர்ந்த பின்னும் உச்சக்குரலால் புகழ்பெற்றவர். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்கும் பாட்டு எட்ட வேண்டியிருந்தது. ஒரு கட்டையில் பாடுபவரின் மேல் சட்ஜம், டெனர் குரல் மாறும் இடத்துக்குக் கீழேயே நின்றுவிடும். ஐந்து கட்டையில் அது அந்த இடத்திலேயே விழும். அதற்கு மேலும் கள்ளக்குரலில் ஒதுங்காமல் பாடுவது அரிது. ஒலிபெருக்கி பரவியபின் அந்த உயரம் கட்டாயமாக இல்லை; ஆண்களின் சுருதியும் தாழ்ந்தது.