கொடியை வாங்கிக்கொண்ட மூன்று பேர்

ஜான் வெய்ன் நடித்த 'சாண்ட்ஸ் ஆஃப் ஐவோ ஜிமா' (1949) படத்தின் கடைசிப் பகுதியில் ஒரு சின்னக் காட்சி வரும். சார்ஜென்ட் ஸ்ட்ரைக்கராக வரும் வெய்ன், மூன்று வீரர்களிடம் ஒரு கொடியைக் கொடுத்து மலைமேல் ஏற்றச் சொல்லுவார். சில நொடிகள்தான். அந்த மூன்று பேரும் நடிகர்கள் இல்லை. ஐரா ஹேய்ஸ், ரெனே காக்னன், ஜான் பிராட்லி. 1945 பிப்ரவரி 23 அன்று சுரிபாச்சி மலையில் ஜோ ரோசென்தால் எடுத்த புகழ்பெற்ற போட்டோவில் கொடி நடும் ஆறு பேரில், போருக்குப் பின் உயிரோடு இருந்தவர்கள் என்று அரசாங்கமே அறிவித்த மூவர். கொடியும் அசல்தான்.

படம் முழுக்க இப்படித்தான், நிஜத்தின்மேல் அத்தனை பிடிவாதம். மரைன்களின் கேம்ப் பென்டில்டன் முகாமிலேயே ஷூட்டிங். நிஜப் போர்க் காட்சிகளை நடுநடுவே ஒட்டியிருப்பார்கள். டராவா சண்டையில் தளபதியாக இருந்த டேவிட் ஷூப், டேவிட் ஷூப்பாகவே வருவார். போருக்கே போகாத ஆள் யாரென்று பார்த்தால் ஹீரோதான்! 1941 டிசம்பரில் வெய்னுக்கு 34 வயது, நான்கு குழந்தைகள். குடும்பஸ்தர் என்ற விலக்கில் ஹாலிவுட்டிலேயே இருந்துவிட்டார். விமானப்படையில் சேர்ந்து ஜெர்மனி மேல் குண்டுவீச்சு விமானம் ஓட்டிய ஜேம்ஸ் ஸ்டூவர்ட், திரும்பி வந்தபின் போர்ப் படங்கள் பக்கம் அதிகம் போகவில்லை. வெய்னுக்கோ முதல் ஆஸ்கர் பரிந்துரையே இந்தப் படத்துக்குத்தான்.

வெய்ன் கதை எல்லாருக்கும் தெரிந்தது. என்னை இழுத்தது அந்த மூன்று பேர்.

ரோசென்தாலின் போட்டோவில் ஒரு முகமும் சரியாகத் தெரியாது. ஆனால் போர்க்கடன் பத்திரம் விற்க ஹீரோக்கள் அவசரமாகத் தேவைப்பட்டார்கள். காக்னனை அழைத்து வந்து பெயர்களைக் கேட்டார்கள். அந்தப் பட்டியலில் ஒரு பெயர் தப்பு என்று ஹேய்ஸுக்குத் தெரியும். கம்பத்தின் அடியில் குனிந்திருப்பவன் ஹான்சன் இல்லை, ஹார்லன் பிளாக். சொல்லிப் பார்த்தார், பட்டியல் வெளியே போய்விட்டது, வாயை மூடிக்கொண்டு இரு என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். 1946-இல் ஹேய்ஸ் அரிசோனாவிலிருந்து வழியில் வந்த வண்டிகளில் தொற்றிக்கொண்டு டெக்சாஸ் போய், பிளாக்கின் அப்பாவிடமே உண்மையைச் சொன்னார். பிளாக்கின் அம்மா போட்டோவை முதலில் பார்த்தபோதே அது தன் பையன்தான் என்று சொன்னவர். 1947-இல் அதிகாரபூர்வமாகத் திருத்தினார்கள்.

ஒரு பக் பிடிபட்டதும் மீதி எல்லாம் சரி என்று நினைப்பது எங்கள் தொழிலிலும் உண்டு. இரண்டு வருடம் கழித்து இந்தப் படம் அந்தப் பட்டியலுக்கு முகமும் கொடுத்துவிட்டது. அப்புறம் யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

சந்தேகப்பட்டவர்கள் அயர்லாந்தில் ஒருவர், அமெரிக்காவின் ஒமாஹாவில் ஒருவர்; இருவருமே அமெச்சூர் ஆராய்ச்சியாளர்கள். அவர்கள் செய்தது சட்டை பேன்ட்டைப் பார்த்ததுதான். பிராட்லி கடற்படை மருத்துவ உதவியாளர். அன்றைக்கே எடுத்த வேறு போட்டோக்களில் பேன்ட் காலை மடித்துவிட்டிருப்பார். கொடி போட்டோவில் பிராட்லி என்று சொல்லப்பட்டவரின் பேன்ட்டில் மடிப்பு இல்லை. இடுப்பில் தோட்டா பெல்ட் வேறு. 2014-இல் இது ஒமாஹா நாளிதழில் வந்தது. 2016-இல் மரைன் படை ஒத்துக்கொண்டது: போட்டோவில் பிராட்லி இல்லை, ஹரால்ட் ஷுல்ட்ஸ் இருக்கிறார். 2019-இல் காக்னனும் இல்லை, ஹரால்ட் கெல்லர் என்றார்கள்.

ஆக, வெய்ன் கையிலிருந்து கொடியை வாங்கிய மூவரில் ஹேய்ஸ் மட்டும்தான் அந்த போட்டோவில் இருந்தவர். மற்ற இருவரையும் பொய்யர்கள் என்று சொல்லிவிட எனக்கு மனசு வரவில்லை. அன்று காலை அதே மலையில் முதலில் ஒரு சின்னக் கொடி ஏற்றினார்கள். அதில் பிராட்லி இருந்தார். இரண்டாவது கொடியை மேலே தூக்கிக்கொண்டு போனவரே காக்னன்தான்.

ஹேய்ஸ் 1955-இல், 32 வயதில் இறந்துபோனார். குடி. கெல்லர் 1979-இல் போனார். ஷுல்ட்ஸ் லாஸ் ஏஞ்சலிஸில் தபால் துறையில் வேலை பார்த்து, 1995-இல் காலமானார். கடைசிக் காலத்தில் ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது, கொடி ஏற்றியவர்களில் தானும் ஒருவன் என்று வளர்ப்பு மகளிடம் சொன்னாராம். அதோடு சரி.