மலை ஏறிய நாவல், மலை இறங்கிய நாவல்

வடமேற்கே பரம்பிக்குளம் காட்டைத் தாண்டினால் பாலக்காடு, தெற்கே எரவிகுளம் மலைகளைத் தாண்டினால் இடுக்கி. இடையில் வால்பாறைத் தேயிலைத் தோட்டங்கள். 1940களில் அங்கே டாக்டராக வேலைக்கு வந்தவர் பி. எச். டேனியல். நோயாளிகளைப் பார்த்ததோடு நிற்காமல் தொழிற்சங்கப் பணியிலும் இறங்கியவர். தான் வருவதற்கு முந்தைய 1920களின் தோட்ட வாழ்க்கையை ஆங்கிலத்தில் நாவலாக்கினார். ‘ரெட் டீ’ 1969-இல் வெளிவந்தது.

திருநெல்வேலிச் சீமையில் பிழைக்க வழியற்ற கருப்பனும் வள்ளியும் மேஸ்திரியின் முன்பணத்தை நம்பி மலை ஏறுகிறார்கள். அட்டைக்கடி, மலேரியா, லயத்தில் நெருக்கியடித்த குடும்பங்கள். இவற்றையெல்லாம் விட என்னை உலுக்கியது கணக்குத் தீர்க்கும் நாள். முன்பணம், வழிச்செலவு, கம்பளி, அரிசி என்று ஒவ்வொன்றாகக் கழித்தபின் உழைத்தவன் பெயரில் மிஞ்சுவது கடன். கடன் தீராமல் ஊர் திரும்ப முடியாது.

தேயிலையின் மறுமுனை, அதைக் குடித்த இங்கிலாந்து. அதே நூற்றாண்டின் நடுவில் அங்கே தனிமை நாவல்கள் வந்தன. பாட்ரிக் ஹாமில்டனின் ‘தி ஸ்லேவ்ஸ் ஆஃப் சாலிட்யூட்’ (1947) நல்ல நாவல். லண்டன் குண்டுவீச்சுக்குப் பயந்து சிற்றூர் விடுதியொன்றில் ஒதுங்கிய மிஸ் ரோச்சின் கதை. விடுதியின் பெயரிலேயே தேநீர் இருக்கிறது: ‘ரோசமண்ட் டீ ரூம்ஸ்’. போர்க்காலத்தில் அங்கே தேயிலைக்கும் ரேஷன். தொடங்கும்போது ஆளுக்கு வாரம் 2 அவுன்ஸ். அந்த விடுதியின் மனச்சோர்வை ஹாமில்டன் துல்லியமாக எழுதினார். கொழுந்து கிள்ளிய கைகளை எழுத டேனியல் வேண்டியிருந்தது. இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்கச் சொல்வேன்.

யாரைப் பற்றி எழுதினாரோ அவர்களால் டேனியலின் நாவலைப் படிக்க முடியவில்லை. 38 ஆண்டுகள் கழித்து, 2007-இல்தான் இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் ‘எரியும் பனிக்காடு’ வந்தது. அது சுணக்கமில்லாத, உயிருள்ள தமிழ். புத்தகம் அப்போதுதான் தன் மக்களிடம் வந்து சேர்ந்தது என்பேன். 2013-இல் இயக்குநர் பாலா அதைத் தழுவி ‘பரதேசி’ எடுத்தார். படத்தின் வலி பொய்யல்ல. ஆனால் நாவலில் தொழிலாளர் பக்கம் நிற்கும் டாக்டர் வருகிறார். படத்திலோ அந்த இடத்தில் மதம் மாற்ற வந்தவர் கூத்தாடுகிறார். டேனியலுக்கு இழைத்த அநீதியாகவே அதை நினைக்கிறேன். படம் பார்த்தாயிற்று, போதும் என்று இருப்பவர்கள் அவசியம் புத்தகத்தைப் படிக்க வேண்டும்.

மூணாறுக்காரர்களுக்கும் இது சொந்தக் கதைதான். அங்கே 2015 செப்டம்பரில் பெரும்பாலும் தமிழ் பேசும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் பெண்கள், தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கிவிட்டு, ‘பெண்பிளை ஒருமை’ என்று திரண்டு சாலையில் உட்கார்ந்தார்கள். 10 சதவீதமாகக் குறைத்த போனஸை 20 ஆக்கும்வரை எழுந்திருக்கவில்லை. கணக்குத் தீர்க்கும் நாளில் கருப்பன் வாயடைத்து நிற்கும் பக்கங்களை நான் இப்போது அந்தப் பெண்களை மனதில் வைத்துத்தான் படிக்கிறேன்.