பனிச்சறுக்கு வால்ட்ஸும் பிழைக்கத் தெரிந்த இசைக்காரரும்

பெயர் தெரியாவிட்டாலும் இந்த மெட்டைப் பலர் கேட்டிருப்பார்கள். பனிக்காலக் காட்சி என்றாலே பின்னணியில் ஒலிக்கும் 'லெ பாத்தினர்' (பனிச்சறுக்குபவர்கள்) என்ற வால்ட்ஸ் அது. 1882-ல் இதை எழுதியவர் எமீல் வால்ட்டோய்ஃபெல். ஜெர்மன் மொழியில் இந்தப் பெயருக்குக் 'காட்டுப் பிசாசு' என்று பொருள்! ஆனால் மனிதர் எழுதியதெல்லாம் மென்மையான நடன இசைதான்.

இவர் 1837-ல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர் நகரில் ஓர் இசைக் குடும்பத்தில் பிறந்தார். அண்ணனுக்குப் பாரிஸ் இசைக் கல்லூரியில் இடம் கிடைத்ததால் குடும்பமே பாரிசுக்குக் குடிபெயர்ந்தது. எமீலும் அங்கேயே பியானோ படித்தார். பிறகு ஒரு பியானோ கம்பெனியில் வேலை, பியானோ டியூஷன், மாலை விருந்துகளில் வாசிப்பு என்று வாழ்க்கை ஓடியது. 1865-ல் பேரரசி யூஜெனியின் அரண்மனைப் பியானோக் கலைஞர் ஆனார்.

அந்த நிம்மதி ஐந்து வருடம்தான் நீடித்தது. 1870-ல் பிரஷ்யாவுடன் போர் மூண்டது. மூன்றாம் நெப்போலியனின் ஆட்சி கவிழ்ந்தது, அரண்மனையும் கலைந்தது. 1871-ல் பிறந்த ஊரான ஸ்ட்ராஸ்பூரும் ஜெர்மனி வசம் போனது.

திருப்பம் 1874-ல் வந்தது. பின்னாளில் ஏழாம் எட்வர்ட் மன்னரான பிரிட்டிஷ் இளவரசர் இவருடைய 'மனோலோ' வால்ட்ஸைக் கேட்டு மயங்கிப் போனார். தொடர்ந்து லண்டன் பதிப்பகம் ஒன்றுடன் ஒப்பந்தமும் கிடைத்தது. இசைத்தட்டு கடைக்கு வராத காலம் அது. பாட்டு பிடித்தால் அச்சிட்ட இசைத்தாளை வாங்கி வீட்டுப் பியானோவில் வாசிக்க வேண்டும். அதாவது ஒரு பேரரசியை நம்பியிருந்தவருக்கு இப்போது ஆயிரக்கணக்கான வீடுகள் வாடிக்கையாளர்கள்!

இந்தச் சந்தைக்கு இவரும் பொருத்தமானவர். வியன்னாவின் யோஹான் ஸ்ட்ராஸ் வயலின்காரர். வால்ட்டோய்ஃபெல் பியானோவில் உட்கார்ந்துதான் மெட்டமைப்பார், வாத்தியக் குழுவுக்கு விரித்து எழுதுவது பிறகுதான். அதனால் இவருடைய வால்ட்ஸ்கள் பியானோவில் இயல்பாகவே உட்கார்ந்துகொள்கின்றன.

பாரிசின் புலோன் காட்டில் இருந்த பனிச்சறுக்குத் திடல்தான் 'லெ பாத்தினர்' பிறக்கக் காரணம். தாளம் ஒன்று-இரண்டு-மூன்று. இடது கை முதல் எண்ணுக்கு ஒரு கீழ் ஸ்வரமும், மற்ற இரண்டுக்கும் மெல்லிய கூட்டு ஸ்வரங்களும் வாசிக்கும். மேலே வலது கையின் மெட்டு, காலை ஊன்றிவிட்டு நீளமாக வழுக்கிப் போவது போல நீண்ட ஸ்வரங்களில் நகரும். வாத்தியக் குழு வாசிக்கும்போது பனிவண்டியின் மணியோசையும் சேரும். பியானோவில் மணி கிடையாது, அந்தக் குளிரை விரல்களே கொண்டுவர வேண்டும்.

ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். இதே பெயரில் 1937-ல் ஃப்ரெடரிக் ஆஷ்டன் அமைத்த பாலே நடனம் ஒன்று உண்டு. அதன் இசை மையர்பீருடையது, வால்ட்டோய்ஃபெலுடையது அல்ல.

1915-ல், இன்னொரு போரின் நடுவே, வால்ட்டோய்ஃபெல் பாரிசில் காலமானார். அவர் வாசித்த அரசவை என்றோ மறைந்துவிட்டது. வீட்டுப் பியானோக்களுக்குப் போன மெட்டு மட்டும் இன்னும் வழுக்கிக்கொண்டே இருக்கிறது.