உண்ணிக்கொக்கு

உண்ணிக்கொக்கு, கொக்குக் குடும்பத்தைச் சேர்ந்த வெண்ணிறப் பறவை. மாட்டுக்கொக்கு என்றும் இதை அழைப்பர். ஏறத்தாழ அரை மீட்டர் நீளமும் 270 முதல் 510 கிராம் வரை எடையும் உடையது. கழுத்து குட்டை, அலகு மஞ்சள். கறுத்த அலகுள்ள சின்னக்கொக்கிலிருந்து இதைப் பிரித்தறிய அலகின் நிறமே போதும். இனப்பெருக்கக் காலத்தில் தலையிலும் மார்பிலும் முதுகிலும் செம்மஞ்சள் தூவிகள் தோன்றும். இணைசேரும் சில நாள்களில் அலகும் காலும் கண்ணும் சிவந்துவிடும். இதன் மேலை, கீழை வடிவங்களை வகைப்பாட்டாளர் பலர் இன்று இரு தனி இனங்களாகக் கொள்கின்றனர். தமிழகத்திலும் இலங்கையிலும் வாழ்வது கீழை வடிவம். 1783இல் போடார்ட் என்ற இயற்கையியலாளர் அதற்கு இட்ட கோரமண்டா என்ற அறிவியல் பெயர் சோழமண்டலக் கரையைக் குறிப்பது. நூறாண்டுக்கும் குறைந்த காலத்தில் இப்பறவை பெருங்கடல்களைத் தாண்டிப் புதிய கண்டங்களில் குடியேறியது. பறக்கும் வலிமையே இதற்குக் காரணம் என்பார் உண்டு. ஆனால் வலிமை பறவையைக் கரைசேர்க்கத்தான் உதவும். சேர்ந்த இடத்தில் அதை நிலைநிறுத்தியது மனிதன் உருவாக்கிய மேய்ச்சல் நிலமே.

இதன் உணவுமுறையே இந்த முடிவுக்கு முதல் சான்று. மற்றக் கொக்குகள் தண்ணீரில் காத்து நின்று மீன் பிடிக்கின்றன. அவற்றின் கண், நீரில் ஒளி முறிவதால் இரை இடம் மாறித் தெரிவதைத் திருத்திக்கொள்ளும். தரையில் இரைதேடப் பழகிய உண்ணிக்கொக்கு அத்திறனை இழந்துவிட்டது. யானை, எருமை போன்ற பெருவிலங்குகள் புல்லை மிதித்து நகரும்போது துள்ளி எழும் வெட்டுக்கிளிகளையும் வண்டுகளையும் தவளைகளையும் கொத்துவதே இதன் தொழில். தனியாக மேயும்போது கிடைப்பதைப்போல 3.6 மடங்கு இரை மாட்டுடன் மேயும்போது கிடைத்ததாக ஓர் ஆய்வு கண்டது. எல்லா மாடும் இதற்குப் பொருந்துவதில்லை. நிமிடத்துக்கு 5 முதல் 15 அடி வைத்து மெல்ல மேயும் மாட்டையே தேர்ந்து பின்தொடர்கிறது. வேகமாக நடக்கும் மாட்டை விட்டுவிடுகிறது. மாட்டின் உடலிலுள்ள உண்ணிகளைத் தின்றே இது வாழ்கிறது என்ற கருத்து பரவலாக உண்டு. உண்ணியையும் ஈயையும் கொத்துவது உண்மைதான், ஆனால் அவை இரையில் சிறு பங்கே. மாட்டின் உடலைவிட அதன் நடைதான் கொக்குக்கு உணவு தருகிறது.

இரண்டாவது சான்று பரவலின் காலம். மேற்கு ஆப்பிரிக்கக் கரையிலிருந்து அட்லாண்டிக்கைக் கடந்து தென் அமெரிக்காவுக்கு வந்த பறவைகள் 1877 வாக்கில் கயானா, சூரினாம் எல்லைப்பகுதியில் காணப்பட்டன. 1930களில்தான் அங்கு நிலைபெற்றதாகக் கருதப்படுகிறது. 1941இல் வட அமெரிக்காவை எட்டி, 1953இல் புளோரிடாவிலும் 1962இல் கனடாவிலும் கூடுகட்டியது. இப்பறவைகள் அட்லாண்டிக்கைக் கடக்க உதவிய கடற்காற்று 19ஆம் நூற்றாண்டில் புதிதாக வீசத் தொடங்கியதல்ல. வழிதவறிய கொக்குகள் அதற்கு முன்பும் கரையேறியிருக்கக்கூடும். ஆனால் அன்று அவை கண்டிருக்கக்கூடியது காடும் சதுப்பும்தான். ஐரோப்பியர் கொண்டுவந்த மாடுகள் பெருகி, காடழித்து மேய்ச்சல் நிலம் விரிந்த பிறகே வந்த பறவைக்கு வாழ்வு அமைந்தது. ஏறத்தாழ அதே காலத்தில் மேலை வடிவம் தென்னாப்பிரிக்காவுக்கும் பரவி, 1908இல் கேப் பகுதியில் கூடுகட்டியது. கீழை வடிவமோ 1940களில் ஆஸ்திரேலியாவையும் 1963இல் நியூசிலாந்தையும் அடைந்தது. தொலைவிலுள்ள இரு வடிவங்கள் எதிரெதிர்த் திசைகளில் ஒரே யுகத்தில் பரவியதை ஒரு புயலின் தற்செயலாகக் கொள்ள முடியாது. பொதுவான காரணம் தேடினால் கால்நடைப் பெருக்கமே முன்னிற்கிறது.

இதற்கு மூன்று மறுப்புகள் எழலாம். வட அமெரிக்கப் புல்வெளிகளில் கோடிக்கணக்கான பைசன் மாடுகள் முன்பே இருந்தனவே, அப்போது ஏன் பரவவில்லை என்பது முதலாவது. பைசன் திரிந்த நிலம், அட்லாண்டிக்கைக் கடந்த பறவை இறங்கும் கயானா கரைக்கு வெகு தொலைவு. இடையே தங்கிப் பெருக மேய்ச்சல் நிலம் இல்லை. மனிதனே கூண்டில் கொண்டுபோய் விட்டிருப்பான் என்பது இரண்டாவது. ஹவாயில் 1959இல் மாட்டு ஈக்களை ஒழிக்க அப்படித்தான் விட்டார்கள். ஆனால் மேற்கு ஆஸ்திரேலியாவில் 1933இல் விடப்பட்டவை நிலைக்கவில்லை. அந்நாட்டில் பின்னர் வேரூன்றியவை தாமே வந்த பறவைகள். டிராக்டரின் பின்னாலும் போகும் பறவைக்கு மாடு எதற்கு என்பது மூன்றாவது. டிராக்டர் வழியாகவும் ஏறத்தாழ அதே அளவு இரை கிடைக்கிறது, ஆனால் அதிகம் நடக்க வேண்டியிருக்கிறது. மேலும், டிராக்டரும் மனிதனுடையதே என்பதால் இம்மறுப்பு வாதத்தை வலுப்படுத்தவே செய்கிறது.

இனப்பெருக்கத்தில் மட்டும் உண்ணிக்கொக்கு குடும்ப வழக்கத்தை விடவில்லை. வேடந்தாங்கல் போன்ற இடங்களில் நீரையொட்டிய மரங்களில் வக்காக்களோடும் பிற கொக்குகளோடும் கூட்டமாகக் கூடுகட்டுகிறது. சுள்ளிக் கூட்டில் இடும் நீலம் தோய்ந்த வெண்முட்டைகளை ஆணும் பெண்ணுமாக ஏறத்தாழ 24 நாள் அடைகாக்கும். பெருகிவிட்ட இடங்களில் தொல்லையும் உண்டு: ஹவாயில் உள்நாட்டு நீர்ப்பறவைகளின் குஞ்சுகளைத் தின்கிறது, விமான நிலையப் புல்தரைகளில் கூடி விமானங்களுக்கு இடையூறாகிறது. ஒரு பகுதியில் கொக்குகள் மிகுந்திருப்பதை அங்குள்ள நீர்நிலைகள் நலமாக இருப்பதற்கு அடையாளமாகக் கொள்வது வழக்கம். உண்ணிக்கொக்குகளையும் சேர்த்து எண்ணினால் அந்தக் கணக்கு பிழைபடும். ஏரி தூர்ந்து மேய்ச்சல் நிலமானாலும் இவற்றின் எண்ணிக்கை கூடலாம். ஆகவே இவற்றைத் தனியாகக் கணக்கிட்ட பிறகே, மீனை நம்பி வாழும் மற்றக் கொக்குகளின் நிலையைப் பற்றி எதையும் உறுதியாகச் சொல்ல முடியும்.